ஒரு மரமா, இரண்டு மரமா: யாழ்ப்பாணக் கடலுக்கு எந்தப் பாய்ப்படகு?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு நாற்பது அடிக்கு உட்பட்டது, ஏறுவது இரண்டு பேர், ஓடப் போவது காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையே, எப்போதாவது மாலைதீவு வரை என்றால் ஒற்றைப் பாய்மர ஸ்லூப் வாங்குங்கள். இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் மனமில்லை. நம் கடலில் அடிக்கிற காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பாய்மரக் கெட்ச்தான் பொருத்தம். அதைத் தோற்கடிப்பது காற்று அல்ல, கம்பியும் வெயிலும்தான்.

என் மச்சான் ஒருவர் வேலையை விட்டுவிட்டு லண்டனில் இருந்து மனைவியோடு ஊருக்கு வரப் போகிறார். கூடவே ஒரு பழைய பாய்ப்படகும் வேண்டுமாம். ஒரு நாள் ஸ்லூப் விளம்பரம் வரும், மறுநாள் கெட்ச் விளம்பரம் வரும். அவருக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே யோசனையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்லூப்புக்கு ஒரே பாய்மரம்: அதன் பின்னே ஒரு பெரிய பாய், முன்னே ஒரு முக்கோணப் பாய். கெட்ச்சில் இதற்குப் பின்னால் இன்னொரு குட்டை மரம் நிற்கும், அதற்கென்று ஒரு சின்னப் பின்பாயும் இருக்கும். அந்தக் குட்டை மரம் சுக்கான் தண்டுக்கு முன்னால் நிற்கும். தண்டுக்கும் பின்னால் போய்விட்டால் அது யோல். அந்த வகை இப்போது அரிது என்பதால் விட்டுவிடுவோம்.

இரண்டாவது மரம் எதற்கு? பாயைப் பிரிப்பதற்கு. நாற்பது அடி ஸ்லூப்பில் பெரிய பாய் மட்டுமே ஏறத்தாழ 40 சதுர மீற்றர் வரும். அதே நீளக் கெட்ச்சில் அது 30 அளவில் நிற்கும், மிச்சத்தைப் பின்பாய் ஏற்றுக்கொள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்கு. 12 நொட் (மணிக்கு 12 கடல் மைல்) காற்றில் ஒரு கையால் இழுத்த தாமான், அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு, 24 நொட்டில் வின்ச் என்ற கயிறு சுற்றும் உருளை இல்லாமல் அசையாது. அறுபது வயதைத் தாண்டிய இருவர் நடுச்சாமத்தில் இழுக்க வேண்டிய பாய் அது என்றால், அந்தப் பத்துச் சதுர மீற்றர் சின்ன விடயம் இல்லை.

இனி நம் காற்றைப் பார்ப்போம். வரைபடத்தை விரித்தால், பருத்தித்துறை முனையைச் சுற்றியதும் திருகோணமலை வரை கரை தென்கிழக்காக ஓடுவது தெரியும். தூரம் கிட்டத்தட்ட 100 கடல் மைல். சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும், வாடை வடகிழக்கில் இருந்து அடிக்கும். ஆக, வருடத்தின் இரண்டு பெரிய காற்றுகளுமே இந்த வழிக்கு நேர் பக்கத்தில் இருந்துதான் வருகின்றன. போகும்போதும் பக்கக்காற்று, திரும்பும்போதும் பக்கக்காற்று. கரைக்குக் கிட்டப் போனால் பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் புகுந்து கொஞ்சம் குழப்பும், உண்மைதான். என்றாலும் பாய்ப்படகுக்காரர் இப்படி ஒரு வழிக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பக்கக்காற்றில்தான் கெட்ச் தன் குணத்தைக் காட்டும். மூன்று பாயும் ஒன்றையொன்று மறைக்காமல் காற்றை வாங்கும். காற்று மெலிந்தால் பின்மரத்தின் உச்சியில் இருந்து பெரிய மரத்தின் அடிப்பக்கமாக ஓர் இலேசான பாயைக் கூடுதலாக விரிக்கலாம். நின்ற இடத்தில் இருந்தே ஏற்றி இறக்கக்கூடிய பாய் அது, படகின் முன்முனையான அணியம் வரை தவழ்ந்து போக வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் காற்று சோம்பிக் கிடக்கும்போது இந்த ஒரு பாய் மிசினைப் போடாமல் பல மணிநேரம் ஓட வைக்கும்.

பலத்த காற்றில் கெட்ச்சுக்கு இன்னொரு வித்தை உண்டு. பெரிய பாயை முழுவதுமாக இறக்கிவிட்டு, முன்பாயும் பின்பாயும் மட்டும் வைத்து ஓடுவது. முன்னே ஒன்று இழுக்க, பின்னே ஒன்று பிடிக்க, படகு நடுநிலை கெடாமல் போகும். ஸ்லூப்பில் இது நடக்காது. முன்பாயை மட்டும் வைத்தால் அணியம் காற்றுக்குக் கீழே சரிந்துகொண்டே போகும், பெரிய பாயை மட்டும் வைத்தால் காற்றை நோக்கித் திமிறும். அதனால் ஸ்லூப்காரர் மழைக்காற்று கறுத்து வரும்போதே பெரிய பாயை மடித்துச் சுருக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். மாலையில் இடி மின்னலோடு திடீரென்று இறங்குகிற காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. கெட்ச்காரர் ஆஞ்சானை, அதாவது பாயை ஏற்றி இறக்கும் கயிற்றை, அவிழ்த்துப் பெரிய பாயைப் பொத்தென்று விழவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பாக்கு நீரிணையில் இரவில் போகும்போது பயம் அலையில் இல்லை. விளக்கில்லாத வள்ளங்கள், மிதக்கவிட்ட வலைகள், இழுவைப் படகுகள், இவற்றில்தான் பயம். பெரிய பாய் இறங்கியிருந்தால் படகின் நடுப்பகுதி திறந்துவிடும், இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், வேகமும் அடங்கியிருக்கும். சுக்கானில் நிற்பவருக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பது அந்தக் கடலில் இரவு நின்றவருக்குத் தெரியும்.

நங்கூரம் போட்டபோதும் பின்பாய் சும்மா இருப்பதில்லை. திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுக் கெட்ச்சைப் பார்த்திருக்கிறேன். பின்பாயை நடுவில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஸ்லூப்புகள் காற்று மாறும்போதெல்லாம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்க, இது மட்டும் காற்றைப் பார்த்தபடி நூல் பிடித்தாற்போல நின்றது. சங்கிலி இழுபடவில்லை, சமையல் அறையில் கோப்பை உருளவில்லை. வெயில் ஏறியதும் பின்பாயின் கீழ்க்கழியின் மேல் ஒரு துணியைப் போட்டு இரு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். உடனே பந்தல் ஆகிவிட்டது.

இவ்வளவும் கேட்டபிறகு கெட்ச் என்று முடிவு கட்டத் தோன்றும். வல்வெட்டித்துறை இரத்தம் ஓடுகிறவர்களுக்கு இன்னும் கூடத் தோன்றும். அங்கே வேப்பமரத்தில் கட்டிய அன்னபூரணி, இரண்டு பாய்மரத்தோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்த கதையை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மச்சானும் அந்தக் கதையைத்தான் முதலில் எடுத்தார். அது கெட்ச் அல்ல, குறுக்குப் பாய் கட்டிய சரக்குக் கப்பல் என்று சொன்னேன். அதில் தண்டையலும் (கப்பல் தலைவர்) கயிறு இழுக்க ஆட்களும் இருந்தார்கள். மச்சானுக்கு அவர் மனைவியான என் அக்கா மட்டும்தான் இருக்கிறார், அவருக்கும் முழங்கால் வலி.

கெட்ச்சுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் எடுக்கிற இரண்டு பெயர்கள் சுஹைலியும் ஜோஷுவாவும். 1968இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில் ஓடியவை இரண்டும். சுஹைலி பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடி கெட்ச். றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் அதில் தனி ஆளாக, எங்கும் நிற்காமல், 312 நாளில் உலகைச் சுற்றினார். அவுஸ்திரேலியாவுக்கு அருகே அவருடைய தானியங்கிச் சுக்கான் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகு பாய்களைச் சமன்செய்து வைத்தே படகைத் தன் பாட்டில் ஓடவிட்டு வந்தார். பின்பாயின் தாமானை ஒரு சாண் தளர்த்துவதும் இறுக்குவதும் அங்கே சுக்கான் பிடிப்பதற்குச் சமம். கெட்ச்சின் உண்மையான பெருமை இதுதான், இதை யாராலும் மறுக்க முடியாது. பேர்னார்ட் முவாத்தெஸியேயின் ஜோஷுவா இரும்பில் கட்டிய கெட்ச். அதன் பாய்மரங்கள் தந்திக் கம்பங்கள்! அவர் போட்டியையே உதறிவிட்டுத் தாகித்தி வரை போய்விட்டார்.

ஆனால் அது 1968. சுருட்டி விரிக்கிற முன்பாய், மின்சார வின்ச், சுக்கான் பிடிப்பவர் இருக்கும் கொக்பிட்டுக்கே வந்து சேரும் மடிப்புக் கயிறுகள், பற்றரியில் ஓடும் ஒட்டோ பைலட், இவை எல்லாம் இப்போது சாதாரணம். அன்று பாயைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றிருந்த கட்டாயம் இன்று இல்லை. இதற்குச் சாட்சி அமெல். கெட்ச் என்றாலே நினைவுக்கு வருகிற பிரெஞ்சுப் படகுக் கட்டுநர் அவர்கள். சுப்பர் மராமு என்ற அவர்களின் கெட்ச்சில் தம்பதிகள் எத்தனையோ பேர் உலகம் சுற்றியிருக்கிறார்கள். அவர்களே 2017இல் அமெல் 50ஐ ஒற்றை மரத்தோடு கொண்டுவந்தார்கள். இந்தியக் கடற்படையின் தாரிணியைப் பாருங்கள். 56 அடிப் படகு, 25 மீற்றர் உயர ஒற்றைப் பாய்மரம். 2017இலும் 2018இலுமாக ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றி வந்தார்கள்.

"ஒரு மரம் முறிந்தாலும் மற்றது இருக்குமே" என்பது மச்சானின் அடுத்த வாதம். கேட்க நன்றாக இருக்கும். 2018 செப்டெம்பரில் தென் இந்து சமுத்திரத்தில் ஒரே புயலில் இரண்டு கெட்ச்கள் அகப்பட்டன. ஒன்று இந்திய மாலுமி அபிலாஷ் டோமியின் துரியா, சுஹைலியைப் பார்த்து கோவாவில் கட்டியது. மற்றது அயர்லாந்துக்காரர் ஒருவருடையது. இரண்டுமே பாய்மரத்தை இழந்தன. படகு உருண்டு புரளும்போது கடல் எண்ணிப் பார்த்து ஒன்றை மிச்சம் வைப்பதில்லை. அதிலும் சில கெட்ச்களில் இரண்டு மரத்தின் உச்சியையும் ஒரே கம்பியால் இணைத்திருப்பார்கள். ஒன்று போனால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

எதிர்காற்றில் கெட்ச் பலவீனம். பெரிய பாய் கலக்கிவிட்ட காற்றுதான் பின்பாய்க்குக் கிடைக்கும், அது உந்துவதைவிடத் தடுப்பதே அதிகம். பலர் எதிர்காற்றில் பின்பாயை இறக்கியே விடுவார்கள். பிறகு அந்த மரமும் கம்பிகளும் காற்றைத் தடுக்கிற வெறும் சுமை. பழைய கெட்ச்கள் பெரும்பாலும் படகின் அடியில் நீளமாக ஓடும் அடிக்கட்டை கொண்டவை, அதுவும் எதிர்காற்றில் குறைதான் என்பதால் பழி முழுவதையும் மரத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. ஆனால் விலைக்கு வருவது அப்படிப்பட்ட கெட்ச்தானே.

எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது, சாய்வாக இடமும் வலமும் மாறி மாறித்தான் ஏறும். காற்றுக்கு 45 பாகையில் ஏறுகிற ஸ்லூப், நேர் எதிரே 60 கடல் மைல் போக ஏறத்தாழ 85 மைல் ஓட வேண்டும். 55 பாகையில் ஏறும் கெட்ச்சுக்கு அது 105 மைல். ஐந்து நொட் வேகத்தில் நான்கு மணிநேரம் கூடுதல். இது காகிதக் கணக்குத்தானே என்றால், நாகபட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் ஓடுகிற அதே வழி. சோளகத்தில் அங்கிருந்து திரும்பும்போது காற்று அணியத்துக்கு 55, 60 பாகையில் வரும். ஸ்லூப் ஒரே ஓட்டத்தில் காங்கேசன்துறையைப் பிடித்துவிடும். சோளகம் கொஞ்சம் தெற்கே திரும்பினால் போதும், கெட்ச் கிழக்கே சரிந்து சரிந்து பருத்தித்துறைக்கு வெளியே போய் நிற்கும். அங்கிருந்து மேற்கே திரும்பி வருவதற்கு மிசின்தான்.

வாடைக் காலத்தில் இதே குறை ஆபத்தாகவும் மாறலாம். சோளகத்தில் கிழக்குக் கரையோரம் காற்று தரையில் இருந்து வருவதால் கடல் தட்டையாக இருக்கும். வாடையிலோ வங்காள விரிகுடாவின் அலை முழுவதும் முல்லைத்தீவுக் கரையை நோக்கித்தான் உருளும். பக்கக்காற்று என்று முன்பு மெச்சிய அதே காற்று இப்போது கரைக்குத் தள்ளும். மிசின் நின்றுபோனால் பாயை மட்டும் நம்பிக் கரையை விட்டு ஏறி வெளியே போக வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு ஸ்லூப் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பருவம் வேறு. அப்போது எந்தப் படகென்றாலும் திருகோணமலை உள்துறைமுகத்தில் கிடப்பதுதான் அழகு.

பின்காற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. தை, மாசியில் காலியில் இருந்து மாலைதீவுக்குப் போகும்போது காற்று பின்பக்கத்தில் இருந்து வரும். பின்பாய் முன்னே உள்ளதை மறைக்கும், பின்புறத்தையும் திமிறவைக்கும். மடித்துக் கட்டிவிடுவார்கள்.

சரி, கம்பிக்கு வருவோம். என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். பாய்மரத்தை நிறுத்திப் பிடிப்பவை துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள். பெயர்தான் துருப்பிடிக்காதது. உப்புக் காற்றும் வெக்கையும் சேர்ந்தால் கம்பி உலோக உறைக்குள் நுழைகிற அந்த வாயில் ஈரம் தங்கி உள்ளே இருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே தெரிவது ஒரு மெல்லிய பழுப்புக் கோடு மட்டும், கண்ணீர் வழிந்து காய்ந்தாற்போல. கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். பஞ்சு எங்காவது மாட்டிக்கொண்டால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கம்பியை இனி நம்பக் கூடாது. குளிர் நாட்டில்கூடப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கம்பி எல்லாவற்றையும் மாற்று என்று காப்புறுதிக்காரர் கேட்பார்கள். இங்கே அவ்வளவு காலம் பார்த்திருக்க நான் துணிய மாட்டேன்.

கெட்ச்சில் இந்தக் கம்பிகள் ஒன்றரை மடங்குக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஒரு திருகு, மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் ஓர் இரும்புப் பட்டை. பட்டை இறங்கும் ஒவ்வொரு துளையும் ஒரு நாள் ஒழுகும். அதற்கு மேல் ஒரு பாய், ஒரு கழி, ஆஞ்சான், தாமான், கப்பி. நம் வெயிலில் பாய்த்துணிக்கு முன்பே தையல் நூல் உதிர்ந்துவிடும், உறை போடாத பாய் சீக்கிரம் கந்தலாகும். இவை எதையும் யாழ்ப்பாணக் கடைத்தெருவில் போய் வாங்கிவிட முடியாது. வெளியில் இருந்து வரவழைக்க வேண்டும், கப்பல் கூலியும் சுங்கமும் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை இங்கே ஒரு பருவத்தை விழுங்கிவிடும். அவ்வளவு செலவழித்துப் பராமரிக்கிற பின்மரம், நாற்பது அடிக்கு உட்பட்ட படகில் கொக்பிட்டின் நடுவே நின்று இடத்தையும் அடைக்கும். மேலே நிரந்தரமாக ஒரு கூரை போடலாம் என்றால் அந்த மரமும் அதன் கம்பிகளும் குறுக்கே நிற்கும். இங்கே கூரை இல்லாமல் பகலில் உட்கார ஏலாது.

ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மரத்தைவிட அது முக்கியம். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பெரும்பகுதி இரண்டு மீற்றர் ஆழம்கூட இல்லை. இந்தக் காலத்து ஸ்லூப்புகள் இரண்டு மீற்றர் தண்ணீர் கேட்கும், பழைய கெட்ச்கள் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். கெட்ச்சின் பாய்கள் தாழ்ந்து நிற்பதால் சாய்வு குறைவு, ஆகவே ஆழம் குறைந்த அடிக்கட்டையே போதும். ஒரு புள்ளி அதற்குக் கொடுக்கலாம். ஆனால் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று உள்ளே சுற்றுவதுதான் நோக்கம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு வள்ளமும் வெளியிணைப்பு மிசினும் வாங்குங்கள். காசு மிச்சம், மீனும் கிடைக்கும்.

ஸ்லூப் என்று தீர்மானித்தவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். முன்பாய்க்குச் சற்று உள்ளே, தேவையானபோது பூட்டிக் கழற்றக்கூடிய இரண்டாவது முன்கம்பி. பெரிய முன்பாயைப் பாதி சுருட்டினால் அது பைபோல உப்பி எதிர்காற்றில் உதவாது. அதை முழுவதும் சுருட்டிவிட்டு உள்கம்பியில் ஒரு சின்னத் தடித்த பாயை ஏற்றி, பெரிய பாயை இரண்டு மடிப்பு மடித்தால், கெட்ச்சின் அந்தப் பலத்த காற்று வித்தையில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். ஒரு கம்பிச் செலவோடு.

எப்போது நானே கெட்ச் என்பேன்? படகு 45 அடியைத் தாண்டினால். அந்த அளவில் ஒற்றை மரத்தின் பெரிய பாய் இருவர் கைக்கு மிஞ்சியது. மின்சார வின்ச் பழுதானால் யார் ஏற்றுவது? பின்மரமும் அங்கே கொக்பிட்டை விட்டுத் தள்ளி நிற்க இடம் இருக்கும். இன்னொன்று, நன்றாகப் பராமரித்த கெட்ச் ஒன்று, கம்பி அண்மையில் மாற்றியது, நல்ல விலைக்கு வந்தால். கவனிக்காமல் விட்ட ஸ்லூப்பை விட அது எவ்வளவோ மேல்.

அப்படி ஒன்றைப் பார்க்கப் போனால் பின்மரத்தின் அடியில் இருந்து தொடங்குங்கள். மேல்தளத்தில் நிற்கிறதா, கீழே அடிக்கட்டை வரை இறங்குகிறதா, நிற்கிற இடம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு உச்சியையும் இணைக்கும் கம்பி உண்டா என்று அண்ணாந்து பாருங்கள். பிறகு உரிமையாளரோடு கடலுக்குப் போய், பெரிய பாயை இறக்கச் சொல்லி, முன்பாயும் பின்பாயும் மட்டும் வைத்துக் காற்றுக்குக் குறுக்கே திரும்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பினால் மேற்கொண்டு பேசலாம். பின்பாயை ஏற்றியே பல வருடம் ஆகிறது என்று அவர் இழுத்தால், அந்த மரம் அன்ரெனாக் கம்பம்தான். அதற்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள்.